சில்லில்லாத படகு

கடலுக்குப் போகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் போனையும் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். சில்லுமோப்பி என்ற கருவி வந்தபிறகு அதுதான் வழக்கம். கணினிச் சில்லு ஒன்று துடித்தால் போதும். நூறு மைல் தள்ளிக் கடலடியில் கிடக்கும் மோப்பிக்குத் தெரிந்துவிடும். ஐந்தாவது நிமிடம் ஏவுகணை வரும். போரின் முதல் ஆண்டிலேயே இரு தரப்பின் பெரிய நீர்மூழ்கிகளும் அழிந்துபோயின.

சில்லே இல்லாத நீர்மூழ்கியைக் கட்டியவள் கிளாரிந்தா. தூத்துக்குடித் தளத்தின் வடிவமைப்பாளர். அவள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மானியர்கள் அவசரமாகச் செய்த குட்டி நீர்மூழ்கியின் வரைபடம் ஆவணக்காப்பகம் ஒன்றில் கிடைத்தது. பன்னிரண்டு மீட்டர் நீளம். நீருக்கு மேலே ஓட டீசல் எஞ்சின், கீழே ஓட பேட்டரி மோட்டார். வயிற்றுக்கு அடியில் இரண்டு டார்பிடோக்கள். உள்ளே இரண்டே பேர், ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர். எதிரி அனுப்பும் ஒலியலை அதில் பட்டுத் திரும்புவதே அரிது. அருகில் குண்டு வெடித்தாலும் தக்கை மாதிரி தள்ளிப்போகும். அதே அளவில் பன்னிரண்டு படகுகள் கட்டினாள். வானொலிப் பெட்டியின் துடிப்பையும் மோப்பி பிடித்துவிடும் என்பதால் அது வேண்டாம் என்றவளும் அவள்தான்.

ஏழாம் படகை ஓட்டியவன் அவள் தம்பி தொபியாஸ். உள்ளே கழிப்பறைக்கு இடமில்லை. அதனால் சக்கையில்லாத மாவுக்கட்டிதான் சாப்பாடு. "என் வயித்துக்கும் லீவு விட்டுட்டியேக்கா," என்று கிளம்பும்போது சிரித்தான்.

அவன் போன மூன்றாம் நாள் போர் நின்றது.

மற்ற பதினொரு படகுகளும் எண்ணெய் தீர்ந்து திரும்பி வந்தன. படித்துறையில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குச் சமாதானம் தெரிந்தது. ஏழாம் படகு வரவில்லை. தொபியாஸின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் முத்தரசு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்பதில் பேர்போனவன். படகு கிளம்பிய ஆறாம் நாள், கோதுமை ஏற்றிவந்த எதிர்நாட்டுக் கப்பல் ஒன்று டார்பிடோ பட்டு மூழ்கியது. பத்தொன்பது பேர் செத்தார்கள். இரண்டு நாளைக்குள் படகை மேலே கொண்டுவராவிட்டால் கடலடி முழுவதும் குண்டு போடுவோம் என்று எதிர்நாடு கெடு வைத்தது.

இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து தேடின. கிளாரிந்தா, நீருக்கடியில் குரலைக் கொண்டுபோகும் நீரொலிப்பானில் வாய் ஓயாமல் கூப்பிட்டாள். "தொபி, சண்டை முடிஞ்சிட்டுலே. மேல வா."

படகு மேலே வரவில்லை.

"உங்க குரல் அவனுக்குத் தெரியாதாம்மா?" என்று தளபதி நாச்சியப்பன் கேட்டார்.

"தெரியும் ஐயா. அதனாலதான் வரமாட்டான்."

பயிற்சி வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்தது அது. எதிரியால் எந்தக் குரலையும் போலியாகச் செய்ய முடியும். நானே கூப்பிட்டாலும் நம்பாதீர்கள், ஆழத்துக்குப் போய்விடுங்கள். தேடும் ஒலி நெருங்க நெருங்க அவர்கள் சேற்றில் அசையாமல் படுத்திருப்பார்கள். காப்பாற்றத் தேடுவதும் கொல்லத் தேடுவதும் உள்ளே இருப்பவனுக்கு ஒரே சத்தம்.

எல்லாக் கப்பல்களையும் திருப்பி அனுப்பச் சொன்னாள். காவலில்லாத ஒரு சரக்குக் கப்பல் மட்டும், வெறுமையாக, மெதுவாகப் போகவேண்டும்.

தளபதிக்குப் புரிய நேரமாயிற்று. "இலக்கா நிக்கப்போறீங்களா?"

"சுடறதுக்கு முன்னாடி பெரிஸ்கோப்ல பார்த்தே ஆகணும். பார்த்தா நான் இருப்பேன்."

கெடுவின் கடைசி மதியம். தூறல். மாலுமிகள் சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு மீட்புப் படகில் விலகிப் போயிருந்தார்கள். கிளாரிந்தா கம்பியோரம் வெள்ளைத் துணியோடு நின்றாள். மழைத்தொப்பியைக் கழற்றி எறிந்திருந்தாள்.

நானூறு மீட்டரில் பெரிஸ்கோப் எழுந்தது. துணியை வீசினாள். கேட்காது என்று தெரிந்தும் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கண்ணாடி அவள் பக்கம் திரும்பி நின்றது. பத்து நொடிக்கு மேல் பெரிஸ்கோப்பை வெளியே வைப்பது தற்கொலை. அது நாற்பது நொடி நின்றது.

அவளை அவன் அடையாளம் கண்டுகொண்டான். அது புரிந்ததும் சந்தோஷத்தில் அழுதாள். பெரிஸ்கோப் மெல்ல இறங்கியது. படகின் முதுகு இதோ மேலே வரும் என்று காத்திருந்தாள்.

அதற்குள் இன்னொன்றும் புரிந்தது. நேற்றுவரை குரலைச் செய்தவர்கள் இன்று முகத்தையும் செய்திருக்கிறார்கள் என்றுதான் அவன் நினைப்பான்.

தண்ணீரில் ஒரு வெள்ளைக் கோடு கிளம்பியது.

அந்தக் காலத்து டார்பிடோக்கள் பாதி வழியில் பக்கம் திரும்பிவிடும். அந்தக் குறையைச் சரிசெய்ய அவள் இரண்டு மாதம் உழைத்திருந்தாள். கோடு வளையவில்லை. நேராக வந்துகொண்டிருந்தது.