எதைக் கழற்றினால் ஓடும்?

கரண்ட் வந்ததும் வீட்டில் எல்லாம் விழித்துக்கொண்டன, அவருடைய கம்ப்யூட்டரைத் தவிர. கூடத்து மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது, சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு உறுமியது, குழல் விளக்கு கண்ணைக் கொட்டிக் கொட்டி ஒருவழியாக எரிந்தது. மழை விட்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், வாசலை ஒட்டிய சின்ன அறையில் மட்டும், மேஜைக்கு அடியிலிருந்த கறுப்புப் பெட்டி எத்தனை தடவை பட்டனை அழுத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அறையில் ஈயம் உருகும் வாடை அடித்தது. அவள் கணவரின் சட்டையிலும் தலையணையிலும் எப்போதும் இருந்த வாடை. அவர் இதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து மூன்று மாதமாகிறது. சட்டைகளை எல்லாம் அவள் அன்றே யாருக்கோ கொடுத்துவிட்டாள். மழை ஈரத்துக்குப் பழைய வாடை கிளம்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். குடியில்லை, அடிதடியில்லை, சம்பாதித்ததை வீட்டில் கொடுத்தார். தங்கமான மனுஷன் என்று சாவு வீட்டில் ஊரே அழுதது. தங்கமான மனுஷனின் நாக்கோடு குடித்தனம் நடத்தியவள் அவள் ஒருத்திதான் என்பதால், அவளுக்கு அழுகை வரவில்லை. மிக்ஸி நின்றாலும் சரி, ஃபியூஸ் போனாலும் சரி, வந்திருக்கும் விருந்தாளிகளைப் பார்த்து அவர் ஒரே ஜோக்கைத்தான் சொல்வார். "இந்த வீட்ல எது ரிப்பேர் ஆனாலும் முதல்ல இவளைக் கழட்டி வெளியில வச்சுட்டுப் பார்க்கணும். எல்லாம் தானா ஓடும்." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் காபித் தட்டோடு நின்று சிரித்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது.

அவர் இருந்தவரை அந்தப் பெட்டியைத் தொட அவளுக்கு உரிமையில்லை. இப்போது அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். முதல் புத்தகம் முடிந்துவிட்டது, நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாத்தனார் போன வாரமே வந்து உட்கார்ந்து வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "உன்னால முடியலைன்னா குழந்தையை எங்கிட்ட விட்டுடு. எங்க அண்ணன் ரத்தம் அது. நீ எங்க வேணா போய்ப் பொழைச்சுக்கோ."

குழந்தை கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அப்பாவின் மடியில் உட்கார்ந்து திருகாணி முறுக்கப் பழகிய விரல்கள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர்.

அறையில் அவள் ஒயர்களைப் பார்த்தாள். யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்தது. சுவர் பிளக் பாயிண்டில் வேறொரு விளக்கை மாட்டினாள், எரிந்தது. வேறு வழியில்லாமல், கணவரோடு கடை நடத்திய கூட்டாளிக்கு போன் செய்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. உள்ள இருக்கறது எல்லாத்தையும் கழட்டிடுங்க, ராம், டிஸ்க், எல்லாம். அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டுங்க. எதை மாட்டினா நிக்குதோ அதான் கோளாறு. அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்."

தெரியும். அந்தப் பாடத்தைத்தானே அவர் அவள்மேல் தினமும் நடத்தினார்.

பக்க மூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கணக்காக அணைந்து கிடந்த பெட்டிக்கு எங்கிருந்து வந்தது அந்தச் சூடு என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். ராமை உருவி ரப்பரால் தேய்த்தாள், டிஸ்கின் ஒயரைப் பிடுங்கினாள், எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பிவிட்டு பட்டனை அழுத்தினாள். ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது அறையிலிருந்து சத்தம் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் சின்ன விசிறியின் சத்தம், ஒரே சீராக. டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். அறையின் வாசற்படியைத் தாண்டியதும் சத்தம் நின்றது.

"குட்டி, நீ உள்ள வந்தியா?"

"இல்லையே. நான் இங்கதானே இருக்கேன்."

எல்லா பாகங்களையும் திரும்ப மாட்டினாள். அழுத்தினாள். பேச்சில்லை. அறையை விட்டு வெளியே வந்தாள். விர்ரென்று ஓடியது, மானிட்டரின் வெளிச்சம் கதவுக்குக் கீழே வந்து படிந்தது. உள்ளே போனாள். அணைந்தது. இருட்டிய திரையில் அவள் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் நாற்காலியின் முதுகும்.

அதன்பின் அவள் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. வாசற்படியில் நின்று, ஒரு காலை உள்ளே வைத்தாள். நின்றது. வெளியே எடுத்தாள். ஓடியது. உள்ளே. வெளியே. தரை ஆடுகிறது, எங்கோ ஒயர் தளர்ந்திருக்கிறது, என் நடை அதை அசைக்கிறது. இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் காதுக்குள் விருந்தாளிகள் சிரித்தார்கள். செத்தும் விடவில்லையே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்தாள்.

ஆனாலும் புத்தகம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நாளைக் காலை, நாத்தனார், குழந்தை. மூன்றையும் சேர்த்து நினைத்தபோது பயம் ஒரு அடி பின்வாங்கியது.

"குட்டி, நீ உள்ள போ. அந்தப் பென்டிரைவைச் சொருகி, அம்மா ஃபைலைக் காப்பி பண்ணிட்டு உடனே வந்துடு. என்னம்மா?"

குட்டி தயங்கவில்லை. குதித்துக்கொண்டு போய் நாற்காலியில் ஏறினாள். பட்டனை அழுத்தக்கூட இல்லை, திரை பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சும்மா! ஃபைல் இருக்கு!"

அவள் கூடத்தில் நின்று மூச்சை விட்டாள். அப்போது தலைக்கு மேலே குழல் விளக்கு அணைந்தது. ஒரு அடி தள்ளி நின்றாள். எரிந்தது. மின்விசிறிக்குக் கீழே போனாள். விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. சமையலறைப் பக்கம் நகர்ந்ததும் ஃபிரிட்ஜின் உறுமல் தொண்டையில் சிக்கியது போல அறுந்தது. ஈய வாடை இப்போது வீடு முழுக்க இருந்தது.

"அம்மா, இது அணைஞ்சு அணைஞ்சு வருது. நீ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயேன்."

"எவ்வளவு ஆச்சு?"

"பாதிதான். போம்மா. வெளியில போய் நில்லு."

போனாள். அவளாகவேதான் போனாள், யாரும் தள்ளவில்லை. செருப்புகூட மாட்டாமல் வாசலைத் தாண்டி ஈரத் தரையில் கால் வைத்தாள்.

வீடு பற்றிக்கொண்டது போல ஒளிர்ந்தது. எல்லா விளக்கும். எல்லா விசிறியும். சமையலறையில் மிக்ஸி தானாக ஓடிற்று. பல மாதமாகக் கெட்டுக் கிடந்த ரேடியோகூடப் பேசியது. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. வீட்டுக்காரர் சாத்துவது போல.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"குட்டி!"

ஜன்னலுக்கு ஓடினாள். திறந்து வைத்த ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். திரையின் நீல வெளிச்சத்தில் குட்டி உட்கார்ந்திருந்தாள். சுவரில் இருக்க வேண்டிய பிளக் தரையில் கிடந்தது.

குட்டி உயரமாக இருந்தாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை விளிம்பு அவள் மோவாய்க்கு வரும். இப்போது இடுப்புக்கு வந்தது. நாற்காலிக்கும் குட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலியின் மெத்தை அழுந்தியிருந்தது. குட்டியின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. மடியில் உட்கார்ந்தால் ஆட்டுவாளே, அப்படி.

கண்ணாடியை அறைந்தாள். குட்டி திரும்பினாள். முகத்தில் பயமே இல்லை.

"இப்ப எல்லாம் நல்லா ஓடுதும்மா," என்றாள்.

மேஜை மேலிருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். இறங்கவில்லை, இறக்கிவிடப்பட்டாள். கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, எதையோ பிடித்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் நடந்து மறைந்தாள்.

ரிப்பேர் முடிந்ததும் அவர் செய்யும் கடைசி வேலை அவளுக்கு ஞாபகம் வந்தது. மூடியைப் போட்டு, நான்கு மூலையிலும் திருகாணி முறுக்காமல் எழுந்திருக்க மாட்டார். கழற்றி வைத்த கெட்டுப்போன பாகத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

கதவுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் தட்டினாள். "திறடா கண்ணா, அம்மாடா, திற!"

உள்ளே கிறீச், கிறீச் என்று சத்தம். மரத்தில் இரும்பு இறங்கும் சத்தம். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவின் கீழ் மூலையில், மரம் விரிந்தது. பளபளவென்று ஒரு திருகாணியின் முனை வெளியே வந்து நின்றது.

மறு மூலையில் இன்னொன்று.

பிறகு அமைதி. அவள் காதைக் கதவில் வைத்தாள். உள்ளே குட்டி சிரித்தாள். அவளை யாராவது தூக்கும்போது அக்குளில் கூச்சம் எடுத்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்கப்பா. எட்டலை."

அவள் தலைக்கு வெகு மேலே, மூன்றாவது திருகாணியின் முனை மரத்தைக் கிழித்துக்கொண்டு மெல்லச் சுற்றி வந்தது.