வாசலுக்கு இடப்பக்கம்

நீச்சல் குளத்தைச் சுற்றிப் பதித்த கருங்கற்களில் ஒன்று மட்டும் காயவேயில்லை. பாலித் தீவின் பங்குனி வெயிலில் மற்ற கற்கள் காலைப் பொசுக்கின. ராஸ்மினி அந்த ஒன்றைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஈரம் கசிந்து நிற்கும். விடுதி முழுக்க மணக்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயையும் மீறி, அந்த இடத்தில் மட்டும் புளித்த தாய்ப்பால் வாடை அடித்தது.

இன்று மௌன நாள். தீவில் அடுப்பு எரியக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது, தெருவில் ஈ காக்கை கிடையாது. மீறி இறங்கினால் ஊர்க்காவலர்கள் மடக்கிவிடுவார்கள். பன்னிரண்டு அறை விருந்தாளிகளுக்காக ராஸ்மினியும் இன்னும் மூன்று பணியாளர்களும் நேற்றே உள்ளே வந்தவர்கள், நாளை விடியும்வரை வெளியேற முடியாது. வீட்டிலோ ஆறு வயது அரியானி பதினோரு நாளாகச் சில்லிட்டுக் கிடக்கிறாள். மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பெற்ற வயிறு கேட்குமா?

ஊர் நாட்டு வைத்தியர் ஒன்றுதான் கேட்டார்: "கூடப் பொறந்ததை எங்கம்மா வெச்சிருக்கே?"

நஞ்சுக்கொடியைத்தான் கேட்டார். அதைத் தேங்காய்க்குள் வைத்து வாசலோரம் புதைத்து, மேலே ஒரு கல்லும் தினமும் ஒரு விளக்கும் வைப்பார்கள். பிள்ளையின் உயிருக்கு அதுதான் காவல். இந்தக் குளம் இருக்கும் இடத்தில்தான் ராஸ்மினியின் பழைய வீடு இருந்தது. போன வருஷம் விடுதிக்கு இடத்தைக் கொடுத்தபோது, அதைப் புதைத்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது வீட்டில் புதைத்தாள். குறை வைக்கவில்லையே!

சாயங்காலம் தோட்டக்கார நியோமன் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"திரும்பவும் இந்தக் கல்லா? கல்லுக்குத் தாலாட்டுப் பாடு, தூங்கிடும்."

"அண்ணே, விளையாடாதே. அன்னிக்கு மண்வெட்டி குடுத்தது நீதானே? நான் இடப்பக்கம்தானே எடுத்தேன்? பொண்ணுக்கு இடம், பையனுக்கு வலம்."

நியோமனின் முகம் மெல்ல மாறியது. "வீட்டுக்குள்ளேருந்து தெருவைப் பார்த்துல்ல இடம் வலம்? வீடுதான் இடிஞ்சு கிடந்துச்சே. நீ தெருவில நின்னு எடுத்தே, ராஸ்மினி."

தெருவில் நின்றவளுக்கு இடம், வீட்டுக்கு வலம். வலப்பக்கத்தில் இருந்தது தலைப்பிள்ளையுடையது. பிறந்து மூன்றே நாளில் கண்மூடிய பையன். ஒரு வருஷமாக அவள் விளக்கேற்றியது அவனுக்கு. சோறு வைத்தது அவனுக்கு. "எழுந்திரு கண்ணு, அம்மாகிட்ட வா" என்று தினம் அழைத்ததும் அவனைத்தான்.

அரியானிக்கு ஒரு வருஷமாக யாருமே இல்லை. அவளுடையது இந்த ஈரக் கல்லுக்கு அடியிலேயே கிடந்தது.

"கடப்பாரை எடுத்து வா, அண்ணே."

"இன்னிக்கா? தெய்வக் குத்தம்டி!"

"என் பிள்ளை போயிடுவா அண்ணே! உன் கால்ல விழறேன்!"

பொழுது சாய்ந்தது. விளக்கில்லாத விடுதியில் மனிதர் முகம் முதலில் மறைந்தது, பிறகு கை. கடப்பாரை கல்லின் இடுக்கில் இறங்கியது. மாடத்தில் பட்டு அங்கி போட்ட விருந்தாளி ஒருத்தி உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றாள். ராஸ்மினி நெம்பினாள். நகம் பெயர்ந்தது. நெம்பினாள். கல் அசையவில்லை.

இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. கணவன். கிசுகிசுத்த குரலில் அழுகையும் சிரிப்பும்.

"ராஸ்மினி, பாப்பா எழுந்துட்டா! உடம்பு சூடாயிடுச்சு. பசிக்குதாம், பால் கேக்குறா."

"சோறு திங்கிற பிள்ளை பாலா கேக்குறா?"

"ஆமா... பேச்சுதான் வரலை. கைக்குழந்தை மாதிரி மழலை. நம்ம வீட்டைப் புதுசா பாக்குற மாதிரி பாக்குறா."

"அவகிட்ட குடுங்க. பேச்சைக் கேக்கணும்."

மூச்சு. எச்சில் ஊறும் சத்தம். பிறகு சிரிப்பு. பையன் சிரிப்பு.

கடப்பாரை கைநழுவியது.

காலடியில், கல்லுக்குக் கீழே, அரியானி முனகினாள்.

"அம்மா... குளிருதும்மா."