பெல்ட்டில் சுற்றிய ஃபோர்மேன்

"வீ...ல்!"

அந்த அலறலில் விமான நிலைய டெமோ ஹாலே ஒரு முறை துள்ளி உட்கார்ந்தது.

அலறியது கொள்முதல் அம்மாள். வேறொரு விமான நிலையத்துக்கு சாமான் பெல்ட் வாங்க வந்தவர். மூக்கு வியர்த்ததில், முகத்தில் மாட்டியிருந்த டெமோ கண்ணாடி வழுக்கி இறங்கிவிட்டது.

அதுதான் வினை!

கண்ணாடிக்குள்... புத்தம்புது பெல்ட். மேலே சூட்கேஸ்கள்.

கண்ணாடிக்கு வெளியே... துருப்பிடித்த பெல்ட். சூட்கேஸ்களுக்கு நடுவே ஓர் ஆரஞ்சு சட்டை குப்புறப் படுத்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்மண்டை பிளந்திருந்தது.

மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்!

எத்தனை சுற்று சுற்றினானோ... கண்ணாடி மாட்டிய ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

*

"உலகத் தரம் மேடம்! ஆக்மென்டட் ரியாலிட்டி!" மஞ்சள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முழங்கினார் டைரக்டர். "இல்லாததையும் இருக்கிற மாதிரி காட்டும்!"

"இருந்த பிணத்தைக் காட்டலையே சார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அது வந்து... ஷோரூம்ல எண்ணெய்க் கறையோட தொழிலாளி நடமாடினா நல்லாவா இருக்கும்? துரு, கறை, ஆரஞ்சு சட்டை... எல்லாத்தையும் சாஃப்ட்வேர் அழிச்சிடும். என் ஐடியா!"

"பிரமாதம். கொலைகாரனுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

டைரக்டர் விரலை நீட்டினார். "ஆரஞ்சு சட்டை போடறவங்க இங்க ரெண்டே பேர். ஒருத்தன் பெல்ட்ல போயிட்டான். இன்னொருத்தன் அதோ!"

அதோ நின்றவன் ஃபிட்டர். செத்தவனின் தங்கை புருஷன். இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள்.

"காலைல அவரோட சண்டை போட்டியாமே?"

"போட்டேன் மேடம்... கண்ணாடியை ரிப்பேர் மோடுக்கு மாத்தி, வந்தவங்களுக்கு உண்மையைக் காட்டப்போறேன்னு நின்னார் மச்சான். வேலை போயிடும், வேணாம்னு கத்தினேன். கத்தினதோட சரி!"

அந்தக் கண்ணாடி முதலில் பழுது பார்க்கத்தான் வந்தது. எந்த பேரிங் தேய்ந்தது, எந்த ஒயர் கருகியது என்று சிவப்பாகக் காட்டும். பழுதைக் காட்டுவதைவிட மறைப்பதில்தான் வியாபாரம் என்று கண்டுபிடித்தது டைரக்டரின் மூளை!

செக்-இன் கவுன்ட்டரிலிருந்து யூனிஃபார்மோடு ஓடிவந்தாள் தங்கை.

"அண்ணன் போயிட்டான்... இப்ப இவரையும் கூட்டிட்டுப் போறீங்களா மேடம்? அப்ப நான் யாரோட வீட்டுக்குப் போறது?"

 கண்ணீர் மறைத்ததில் எதுவும் தெரியாமல், தங்கை மேஜை மேல் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கண்ணன் எங்க?"

பிணம் அவள் காலடியில்தான் கிடத்தப்பட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்தது பளிங்குத் தரை மட்டும். தடுப்பதற்குள் குனிந்து துழாவினாள். சில்லென்று ஒரு கை தட்டுப்பட்டது!

"தொட்டா இருக்கான்... பார்த்தா இல்லையே மேடம்..."



*

கொள்முதல் அம்மாள் இன்ஸ்பெக்டரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"சிரிக்கக் கூடாது... பிணத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பார்த்தேன். கண்ணாடிக்குள்ள!"

"என்ன பார்த்தீங்க?"

"முடி."

"முடியா?"

"வெறும் முடிம்மா! முகம் இல்ல, உடம்பு இல்ல... ஆள் உயரத்துல மிதந்து வந்துச்சு. என் கழுத்துல சூடா மூச்சு பட்டுச்சு! பெட்டி வெளிய வர்ற பெல்ட் வாய்ப்பக்கம் போய்க் குனிஞ்சுது... நிமிர்ந்துது... போயிடுச்சு."



"எப்படிப்பட்ட முடி?"

"கன்னங்கரேல்னு, சுருள் சுருளா. எங்கேயோ பார்த்த முடிதான்... ஞாபகம் வரமாட்டேங்குது."

"அப்ப டைரக்டர் எங்க இருந்தார்?"

"கண்ணாடியோட இயர்போன் வழியா காதுக்குள்ள பேசிக்கிட்டேதானே இருந்தார்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

*

எல்லோருக்கும் கண்ணாடி கொடுக்கப்பட்டது. ஆரஞ்சு சட்டையோடு ஃபிட்டரை நடக்கவிட்டார்கள்.

ஒன்றுமே தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் ஹாலைக் கடந்து போனது.

"பார்த்தீங்களா! சுத்தமா மறைஞ்சுட்டான்!" டைரக்டர் துள்ளினார். "கேஸ் முடிஞ்சுது!"

"சட்டையை யார் போட்டாலும் மறைவாங்களா சார்?"

"யாரா இருந்தாலும்! எங்க சாஃப்ட்வேருக்கு ஆள் முக்கியமில்ல!"

"எங்கே, நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. வாங்க வந்தவங்களும் பார்க்கட்டும்."

தயங்கினார். ஆனால் வாங்க வந்தவர்கள் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் ரூமில் தொங்கிய சட்டை ஒன்று வந்தது. மாட்டிக்கொண்டு, மேடை ஏறுகிற நடையில் கிளம்பினார்.

கை மறைந்தது. கால் மறைந்தது. முகம், ஹெல்மெட்... எல்லாம் மறைந்தன.

அந்தரத்தில்... கன்னங்கரேலென்று சுருள்முடி ஒன்று கம்பீரமாக மிதந்து போனது!

"அதேதான்! அதே முடி!" கொள்முதல் அம்மாள் வீறிட்டார். "காலைல வரவேற்புரை சொன்ன முடி!"

மூலையில் நின்ற சாஃப்ட்வேர் இளைஞன் எச்சில் விழுங்கினான்.

"சார் முகத்தை எங்க பார்த்தாலும் மேல முடி வரைஞ்சிடணும்னு தனி ஆர்டர் மேடம்... முதல்ல எல்லாத்தையும் அழிக்கும். கடைசியா முடி வைக்கும்."

"காதுல கேட்ட பேச்சு?"

"ரெக்கார்டிங். அந்த நேரத்துல சார் எங்க இருந்தார்னு எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். நடந்துபோய் மஞ்சள் ஹெல்மெட்டைத் தூக்கினாள்.

வழுக்கை மண்டையில் டியூப்லைட் பிரதிபலித்தது.

"ஒரு ஃபோர்மேன்... ஒரே ஒரு ஃபோர்மேன்... ரிப்பேர் மோடாம், உண்மையாம்!" டைரக்டருக்கு உதடு கோணியது. "என் கம்பெனியே போயிருக்கும் மேடம்!"

போலீஸ்காரர்கள் மறுபடி பிடித்திருந்த ஃபிட்டரின் கைகளை விட்டார்கள். தங்கை ஓடிவந்து புருஷனின் ஆரஞ்சு சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைத் தரையில் வீசியிருந்தாள்.

விலங்கு மாட்டும்போது டைரக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... வாசல்ல பத்திரிகைக்காரங்க கேமராவோட நிக்கறாங்க. அந்த ஹெல்மெட்டை மட்டும் கொடுத்துட்டீங்கன்னா..."

"எதுக்கு சார் ஹெல்மெட்? வெளிய நிக்கறவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்துடறேன்!"