அப்பாவுக்கும் ஒரு பிரதி கூடுதல்

வெந்நீரில் குளித்தால் ஹெட்டிக்கு முகம் சிவக்கும். வெயிலில் ஓடினால் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். கணக்குப் பரீட்சை அன்றும் அப்படி ஆனதால், வகுப்பில் அவள் நடிக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள்.

பத்து வயதில்தான் காரணம் தெரிந்தது. ஒவ்வாமை வரும்போது மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் டிரிப்டேஸ் என்ற நொதியைக் கொட்டுமாம். அதற்கான மரபணு ஹெட்டியிடம் ஒரு பிரதி கூடுதலாக இருந்தது. அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆத்திர அவசரத்துக்குப் பேனா போன்ற ஓர் ஊசியையும் கொடுத்தார்.

அம்மாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவரிடம் இல்லை. அப்பா கெரிட் மட்டும் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்பா, அப்போ உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கணும்."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

மிச்சிகனில் அவர்களுக்குச் சொந்தமாக ஆப்பிள் தோட்டம் இருந்தது. செப்டம்பரில் ஒருநாள் இருவரும் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, கெரிட்டின் கழுத்தில் குளவி கொட்டியது. அவர் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி ஏணியில் கால் வைத்தார். ஆனால் ஏறவில்லை. முகம் செக்கச்செவேலென்று ஆனது. மூச்சு இழுத்தது. பேச்சுக் குழறியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று ஹெட்டிக்குத் தெரியும். அப்பாவைப் படுக்க வைத்தாள். இடுப்புப் பையிலிருந்து தன் ஊசியை எடுத்து, கால்சட்டைக்கு மேலேயே அவர் தொடையில் அழுத்தி, பத்து எண்ணினாள். பிறகு அவருடைய போனில் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து, தோட்டத்துக்கு வழி சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் கெரிட் எழப் பார்த்தார்.

"எழுந்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் படுத்தே இருங்க."

அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் அவருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். சில வாரங்களில் முடிவு வந்தது. அவரிடமும் ஒரு பிரதி கூடுதல். அவருக்கென்று இரண்டு ஊசிகளும், பழகிப் பார்க்க ஊசியில்லாத வெறும் பேனா ஒன்றும் கொடுத்தார்கள்.

அன்று மாலை சமையலறையில் ஹெட்டி அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். கெரிட் பேனாவைத் தொடைக்குக் கொண்டுபோனார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா, இதுல ஊசியே இல்ல."

"தெரியும்" என்றார் கெரிட், கண்ணைத் திறக்காமலே. "நீ எண்ணு."