ரிலீவர் வரும்வரை

கெலமங்கலம் சாலையில் இருக்கும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். பிரஸ் ஷாப்பில் தகடு அழுத்தும் மெஷின் முன்னால் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவனுக்கு, ஒரு பழைய பங்களாவைப் பெருக்கித் துடைத்துப் பூட்டிவைக்கிற வேலை கசக்குமா?

ஆபீஸ் சௌமியா சாவிக்கொத்தோடு வந்து அறை அறையாகக் காட்டினாள். கடைசி அறையில் அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியின் வாசனை இருந்தது. மெழுகுவத்தி எங்கும் இல்லை. சுவரில் ஆளுயரப் படம். சிவப்பு அங்கி போட்ட கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே அதே நாற்காலி, கைப்பிடி தேய்ந்து கிடந்தது.

எங்கள் முதலாளி இத்தாலிக்காரர். படத்தில் இருப்பவர் அவருடைய முன்னோர், ஒரு கர்தினால், அதாவது போப்பாண்டவருக்கு அடுத்த படியில் இருக்கும் பெரிய சாமியார் என்றாள் சௌமியா. நானூறு வருஷத்துக்கு முன்னால் போப்பாண்டவரின் தூதராக அரண்மனை அரண்மனையாகப் போய், பேசியே இரண்டு சண்டைகளை நிறுத்தியவராம். கடைசியாகப் போன ஊரில் ராஜாவுக்கு இவர்மேல் கோபம். ஓர் அறையில் அடைத்துவிட்டார். ரோமிலிருந்து வந்த உத்தரவோ, மாற்று ஆள் வரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது. அனுப்பிய ஆள் கப்பலிலேயே செத்துப்போனார். அடுத்து வந்த போப்பாண்டவர் இவரை மறந்தே போனார். முதலாளி கப்பலில் கொண்டுவந்து போட்டிருக்கும் இதே நாற்காலியில் வாசலைப் பார்த்தபடியே கிழவரின் உயிர் போயிற்று.

"அப்போ கடைசிவரைக்கும் ரிலீவர் வரலையா?" என்றேன்.

சௌமியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல், மெஷினைவிட்டு நகர முடியாமல், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி ரஞ்சிதாவுக்கு செல்போன் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட், எனக்கு வேறு ஷிஃப்ட். வாசலில் பாப்பாவைக் கைமாற்றிவிட்டு ஓடுவோம். "நான் வந்துட்டேன், நீ கெளம்பு." பாப்பா பிறந்த பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி இந்த வாக்கியம்தான். பாப்பாவும் தன் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பொம்மைகளிடம் இதைச் சொல்லித்தான் விளையாடுவாள்.

ஒரு மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. ஜன்னலைச் சாத்தலாம் என்று அந்த அறைக்குள் போனேன். ஈரக் கம்பளி வாசனை குப்பென்று அடித்தது.

நாற்காலியில் யாரோ இருந்தார்கள்.

சிவப்பு அங்கி.

கைப்பிடியைப் பற்றிய எலும்பு விரல்கள்.

அவர் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பயத்தையும் மீறிப் பாவமாக இருந்தது. வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

"நான் வந்துட்டேன். நீங்க கெளம்புங்க."

கிழவர் எழுந்தார். எனக்குத் தலைவணங்கிவிட்டு, என்னைத் தாண்டி மழைக்குள் போனார்.

என் கால்கள் என்னைக் கேட்காமல் நாற்காலியை நோக்கி நடந்தன.

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை.

கத்தினேன். காம்பவுண்டுக்கு வெளியே லாரிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கை மட்டும் எப்படியோ சட்டைப் பையில் இருந்த போனை எட்டியது. ரஞ்சிதா பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான், அவள் வாயில் என்ன வரும் என்பது எனக்கு உறைத்தது.

"எதுவும் பேசாத ரஞ்சிதா. அங்கயே நில்லு."

"எதுக்கு மாமா இப்படி நடுங்கற?" ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "அதான் நான் வந்துட்டேன்ல. எந்திரி, கெளம்பு."

என் முழங்கால்கள் லேசாயின. நான் எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள்.

அவளை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் அழுதுகொண்டே நானும் அதையே சொன்னேன். அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. பக்கத்து வீட்டில் பாப்பா பசியோடு இருப்பாள்.

ரஞ்சிதா தன் வேலையை விட்டுவிட்டு இதே பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தாள். வேறு யாரையாவது மாட்டிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை, மனசு வரவில்லை. இப்போதும் மாறி மாறித்தான் வீட்டுக்குப் போகிறோம். தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருந்து அவர்கள் பார்த்ததே இல்லையே. பாப்பாவை மட்டும் இந்தக் கேட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம்.

கிழவர் போன நாளிலிருந்து படத்தில் அவர் இல்லை. காலி நாற்காலி மட்டும் இருக்கிறது.

நேற்று ரஞ்சிதா வந்து என்னை எழுப்பிவிட்ட பிறகு, படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்திருந்தது. சின்னது, சிவப்பு பிளாஸ்டிக். ஒடிந்த காலில் நான் சுற்றிவிட்ட கம்பிகூட அப்படியே இருந்தது.