உறவுமுறை: மனைவி

தியாகலிங்கம் வந்தால் வாசல் விளக்கு எரிவதில்லை என்பதை இராஜேஸ்வரி முதலில் கவனித்தது கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம். கனடாவின் பிக்கரிங்கில் அந்த நாட்களில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கராஜுக்கு மேலே பூட்டியிருந்த அந்த விளக்கு ஆள் அசைந்தால் தானாகப் பற்றும். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் பற்றும், காற்றில் உருளும் காய்ந்த இலைக்கும் பற்றும், அதனால் நித்திரை கெடுகிறது என்று புருசனும் பெண்சாதியுமாக அதைத் திட்டாத நாளில்லை. அன்று அவர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். சில்லுகள் சீமெந்தில் கடகடவென்று உருளும் சத்தம் தெருவிளிம்பு வரைக்கும் போய் நின்றது, பிறகு அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் தனியே திரும்பி வந்தது. குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற அவளுக்கு இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"லைற் போயிட்டுதுபோல," என்றபடி அவர் உள்ளே வந்தார்.

அவள் துவாயைத் தோளில் போட்டபடி வாசலுக்கு இறங்கினாள். விளக்கு பளீரென்று அவள் முகத்தில் அடித்தது.

அந்தக் கிழமைதான் அவர்கள் அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். அவளுடைய தம்பி அன்புராசா தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம் கனடாவுக்கு வரும் வழியில் காணாமல் போனவன். ஏஜென்சிக்காரன் அவனை நியூயோர்க்கில் இறக்கி, எல்லைக்குக் காரில் ஏற்றிவிட்டான். காரில் வந்த மற்றவர்கள் வந்துசேர்ந்தார்கள், அவன் வரவில்லை. பனிக்குள் இறங்கி நடந்தான் என்றார்கள் சிலர், பொலிஸ் பிடித்தது என்றார்கள் சிலர். போன ஆவணியில் ஸ்காபரோவில் ஒரு செத்தவீட்டில் அந்தக் காரில் வந்த ஒருவரைக் கண்டபோதுதான் இடத்தின் பெயராவது கிடைத்தது. மாட்டுப்பண்ணைகளும் சோளக்காணிகளும் மட்டும் உள்ள ஒரு சின்ன கவுண்டி, ஒரு மாவட்டம் மாதிரி. இறந்த தேதி தெரிந்தால் திதி பார்க்கலாம். திதி தெரிந்தால் தம்பிக்கு ஒரு வாய் எள்ளுந்தண்ணியாவது இறைக்கலாம். இத்தனை வருசமும் அதுகூட இல்லாமல் போய்விட்டதே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மகள் நிலக்சிதான் சாப்பாட்டு மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தைப் பிடித்தாள். கிழமையில் இரண்டு நாள் மட்டும் திறக்கிற அலுவலகம். எடுத்தவள் வயதான பெண்; குரல் நல்ல குரல். அன்புராசா என்று ஒருவரும் அந்தக் குளிர்காலத்தில் இறந்ததாகப் பதியப்படவில்லை என்றாள். பிறகு பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. வெளிநாட்டுப் பெயர் ஒன்று இருக்கிறது, வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த தியாகலிங்கம் கையை நிறுத்தினார். அது அவருடைய பெயர்.

அன்புராசா வந்தது தலை மாற்றிய பாஸ்போட்டில். மச்சான் வந்தால் போதும் என்று தியாகலிங்கம் தன்னுடையதைக் கொடுத்திருந்தார், படத்தை மட்டும் ஏஜென்சிக்காரன் மாற்றியிருந்தான். அமெரிக்காக்காரர் அறிவித்திருந்தாலும் அந்தக் கடிதம் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த பழைய அறைக்குத்தான் போயிருக்கும். அவர்கள் அப்போது வீடு மாறிவிட்டார்கள்.

"அப்ப நான் எப்பவோ செத்திட்டன்," என்று சொல்லி அவர் ஒரு சுளையை வாயில் போட்டார். மூன்று பேருமே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இராஜேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மரணப் பதிவின் பிரதியை அந்த ஊரில் எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். புருசன், பெண்சாதி, தாய் தகப்பன், பிள்ளை. இவ்வளவுதான்.

"அக்கா எண்டு போட்டா?"

"அம்மா, பேப்பரில மாமா அங்க சாகவே இல்லை. செத்தது அப்பா. நீங்கள் அப்பான்ர வைஃப். மரேஜ் சேர்ட்டிஃபிக்கற் இருக்கு. இட்ஸ் நொட் ஈவன் எ லை, பொய்யே இல்லை." நிலக்சி படிவத்தைத் தாயின் பக்கம் தள்ளினாள். "ஜஸ்ட் சைன் பண்ணுங்கோ."

இறந்தவருக்கு உறவுமுறை: மனைவி. அவள் ஒப்பமிட்டாள். போனில் இருந்த பெண் இன்னும் வைக்கவில்லை. உங்கள் கணவரின் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்றாள், மனதாரத்தான் சொன்னாள். இராஜேஸ்வரி மரியாதைக்கு "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகுதான் விளக்கு.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் உள்ள தமிழ்க்கடைக்கு மரக்கறி வாங்கப் போனார்கள். அவள் கார்க் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது, கடையின் தானியங்கிக் கதவுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் வரும்போது திறந்தது, போகும்போது திறந்தது. அவர் முன்னால் போனால் அசையவில்லை. கையை ஆட்டிப் பார்த்தார், காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார், சின்னப்பிள்ளை விளையாடுவதுபோல. அவள் கிட்டப் போனதும் கதவு சறுக்கித் திறந்து, உள்ளேயிருந்து கருவாடும் கறிவேப்பிலையும் கலந்த சூடான காற்று முகத்தில் அடித்தது.

"நான் மெலிஞ்சு போனன்போல," என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கையைப் பிடித்தாள். குளிர்ப்பெட்டிக்குள் இருந்து எடுத்த இறைச்சி போல இருந்தது.

இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் நல்லாய் இருக்கிறது, வயதுபோகக் குளிரும்தான் என்றார் டொக்டர். அவர் வீட்டுக்குள்ளும் ஜக்கெற் போட்டுக்கொண்டு திரிந்தார். காலையில் கார்க் கண்ணாடியில் அவள் பக்கம் மூச்சுப் புகையேறி மங்கும், அவர் பக்கம் கண்ணாடி துடைத்ததுபோலத் தெளிவாய் இருக்கும். அவள் அதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவாள்.

தையில் பிரதி வந்தது. பெயர், வயது, மாசி மாதத் தேதி, வயல்வெளியில் குளிரில் விறைத்து இறப்பு. அவள் தம்பிக்காக மாடிப்படியில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அன்று பின்னேரம் முதன்முறையாக அந்தச் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து வருபவர் சப்பாத்தில் ஒட்டிய பனியை உதறக் காலை நிலத்தில் அடிப்பாரே, அதே சத்தம். தொம். தொம். கதவுக்கு உட்பக்கம் கால்மிதி நனைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தாள், பெற்றோலும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு மணம் விரலில் ஒட்டியது.

"இஞ்சேருங்கோ, வெளியில போனீங்களோ?"

"இல்லையே," என்றார் அவர் சோபாவில் இருந்து. "நீர் சும்மா எல்லாத்துக்கும் பயப்பிடுறீர், ராஜி."

அவள் அந்த அலுவலகத்துக்குத் தானே போன் எடுத்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், பெயர் பிழை, என் புருசன் உயிரோடு இருக்கிறார், மாற்ற வேண்டும் என்றாள். அந்தப் பெண் பெயரைத் திருப்பிக் கேட்டாள். பிறகு மிக மென்மையாக, துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது வழமைதான் அம்மா என்றாள்.

மாசித் திதிக்குக் கோயிலுக்குப் போனார்கள். அன்புராசாவுக்குப் பிள்ளையில்லை, வேறு சகோதரமும் இல்லை. அதனால் மச்சான்காரன் தியாகலிங்கமே தர்ப்பை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருந்தார். தம்பியின் பெயரை அவள் ஐயருக்குச் சொல்லித்தான் வைத்திருந்தாள். ஆனால் திதி பார்ப்பதற்குக் கொடுத்த பிரதி ஐயரின் மடியில் கிடந்தது, அவர் பேப்பரைப் பார்த்துத்தான் மந்திரம் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் இந்த அம்மா புருசனின் ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்விக்கிற பெயர். நாக்குக்கும் பழகிய பெயர்.

"தியாகலிங்கம், தர்ப்பயாமி."

தியாகலிங்கம் திருப்பிச் சொன்னார். சமஸ்கிருதத்தில் ஐயர் சொல்வதை எவன் காதில் வாங்குகிறான். வாய் தன்பாட்டில் சொல்லும். எள்ளும் தண்ணியும் விரலிடுக்கால் வழிந்தன. இரண்டாம் தரமும் சொன்னார். தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லித் தனக்கே இறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் இராஜேஸ்வரிக்கு உறைத்தது. நடுவில் நிறுத்தினால் குற்றம் என்று சின்னவயதில் இருந்து கேட்டு வளர்ந்தவள். வாயைத் திறக்கப் பார்த்தாள். மூன்றாம் தரமும் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் படைத்தாள். செத்த எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் வைக்கிற படையல் கிடைக்காமல் போனவனுக்கு, எட்டுக்குச் செய்வதுபோல, பிடித்ததையெல்லாம் சமைத்தாள். புட்டு, முட்டைப் பொரியல், உறைப்பாய் நண்டுக்கறி. தியாகலிங்கத்துக்கு நண்டு ஆகாது, தொட்டாலே உடம்பு தடிக்கும். அவனுக்கோ நண்டென்றால் உயிர். முன்னறையில் தம்பியின் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டுப் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்தினாள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை ஒருவரும் திறக்கக்கூடாது.

அந்த வருசம் பனி வேளைக்கே கரைந்திருந்தது. வெளியே வெறும் கறுத்த புல்லும் ஈரத் தெருவும்தான். அவர் ஜக்கெற்றோடு சோபாவில் இருந்தார். அவள் குசினியில் அடுப்பைத் துடைத்தாள். சூடாக்கி ஊதும் காற்று நின்றது. வீடு முழுக்க நண்டு மணம்.

தொம். தொம்.

அவள் ஹோலுக்கு வந்தாள். சோபாவில் ஆளில்லை.

முன்னறைக்குள் சத்தம். நண்டுக் கால் உடையும் சத்தம். உறிஞ்சும் சத்தம்.

அவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. "இஞ்சேருங்கோ! அதைத் தொடாதேங்கோ, உடம்பு தடிக்கப்போகுது!"

கதவைத் திறந்தாள்.

அவர்தான். அதே ஜக்கெற், அதே வழுக்கை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, இரண்டு கையாலும் நண்டைப் பிடித்திருந்தார். வாய்ச்சொண்டு தடிக்கவில்லை. முகம் தடிக்கவில்லை. சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா," என்றார். "இன்னும் கொஞ்சம் கறி இருக்கோ?"

வாசலில் யாரோ தட்டினார்கள்.

மெல்லத்தான் தட்டினார்கள். கதவுக்குப் பக்கத்தில் உள்ள ஒடுங்கிய கண்ணாடியில். அவள் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனாள். முன்னறையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. திரும்பினாள்.

வெளியே இருட்டு. இருட்டுக்குள் தியாகலிங்கம். மெல்லிய சேட்டும் இடுப்பில் சாரமும். தலையிலும் தோளிலும் பனி. தெருவில் ஒரு பொட்டுப் பனியில்லை. அவருடைய வாய் அசைந்தது. ராஜி. ராஜி. கண்ணாடிக்கு அவ்வளவு கிட்ட. கண்ணாடி மங்கவில்லை.

அவள் பூட்டில் கை வைத்தாள். நாற்பது வருசமாய் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எவர் வருவார்?

"கதவைத் திறக்காதேங்கோ அக்கா," முன்னறையில் இருந்து குரல் வந்தது. வாய் நிறையப் புட்டோடு, ஆறுதலாக. "வெளியில சரியான குளிர்."

பக்கத்து வீட்டுப் பூனை வாசலைக் குறுக்கே கடந்தது. விளக்கு பளீரென்று பற்றியது. ஈரச் சீமெந்து, குப்பைத் தொட்டி, பூனை. ஆளில்லை.

பூனை போய்விட்டது. விளக்கு அணைந்தது.

இருட்டில் அவர் அங்கேயே நின்றார், கையைக் கண்ணாடியில் விரித்து வைத்தபடி.