வல்லாள கோபுரத்தில் ஒரு கோணல்

"ஐயோ… என் பூ!"

கார்த்திகை மாத மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. ராஜகோபுரம் தாண்டி, வல்லாள மகாராஜா கோபுரத்து வாசலுக்கு ஓடி வந்த அறிவுமதியின் கால், தரையில் சுருண்டு கிடந்த ஒயரில் மாட்டியது. அம்மனுக்கு வாங்கிய சாமந்திச் சரம் தண்ணீரில் போய் விழுந்தது. அவளும் விழுந்திருப்பாள்… ஒரு கை மட்டும் அவள் முழங்கையைப் பிடித்திருக்காவிட்டால்!

நிமிர்ந்தாள். மஞ்சள் ஹெல்மெட். அதன் கீழே மிரண்டுபோன இரண்டு கண்கள். நல்ல கண்கள்தான்… ஆனால் அதைப் பார்க்கிற நேரமா இது?

"நடக்கற வழியில ஒயரப் போட்டு வச்சிருக்கீங்களே, இது என்ன உங்க வீடா?"

"சாரிங்க… தீபத்துக்கு லைட் கட்டறோம். இந்தக் கோபுரம் என்னோடதுங்க."

"என்னது?"

"அதாவது… இந்தக் கோபுரத்து லைட் வேல என்னோடது. பேரு செழியன், ஆரணி." சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான் பாருங்கள், அடேயப்பா! "இந்த வருஷம் பாருங்க. ராஜகோபுரத்த விட்டுட்டு எல்லாரும் இங்கதான் செல்ஃபி எடுப்பாங்க."

அறிவுமதிக்குக் கோபம் போய் சிரிப்பு வந்துவிட்டது.

"இதக் கட்டின ராஜாவும் இப்படித்தான் நெஞ்ச நிமிர்த்தினாராம். கத தெரியுமா?"

மழை விடுகிற வழியாக இல்லை. சொன்னாள். கோபுரத்தைக் கட்டி முடித்ததும் வல்லாள மகாராஜாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். திருவிழாவில் அண்ணாமலையார் இந்த வாசல் வழியாக வரவே மாட்டேன் என்று, தினமும் வேறு வாசலில் போனாராம். கடைசி நாள் ராஜா கண்ணீர் விட்டுத் தன் தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் இப்படி வந்தாராம்.

"சாமிக்கே இவ்ளோ ரோஷமா?"

"எங்க ஊர் சாமிங்க. எங்களுக்கும் ஜாஸ்திதான்."

மறுநாள் ஒயர் ஓரமாகச் சுருட்டப்பட்டிருந்தது. அவன் கையில் ஒரு சாமந்திச் சரம்.

"நேத்து விழுந்ததுக்குப் பதில்…"

அதற்கப்புறம் சன்னதித் தெரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் அறிவுமதிக்குச் சாயங்காலம் ஆகவே மாட்டேன் என்றது. வேலை முடிந்ததும் கால்கள் தானாகக் கோயிலுக்கு நடந்தன. அம்மனைக் கும்பிடத்தான். வேறு எதற்காம்?

சோதனைக்காக விளக்குகளைப் போட்டுப் பார்த்த அன்றும் வந்தாள். கோபுரம் பொன்னாக மின்னியது. ஆட்கள் விசிலடித்தார்கள். "எப்படி?" என்று செழியன் புருவம் உயர்த்தினான். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"சூப்பரா இருக்கு… ஆனா மேல் நிலையில இடது பக்க வரிச எறங்கியிருக்கே. கோணலா…"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செழியன் முகம் சிவந்தது.

"லாட்ஜ்ல சாவி எடுத்துக் குடுக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க உங்க வேலயப் பாத்துட்டுப் போங்க!"

அந்தக் கண்களா இப்படிப் பேசுகின்றன… அறிவுமதி விருட்டென்று திரும்பினாள்.

"சரிங்க. பொம்பள கட்டின கோபுரம் வடக்க ஒண்ணு இருக்கு. இனிமே அப்படியே போய்க்கிறேன்."

அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி ஊர் ஊராகப் போய் நிதி கேட்டுக் கட்டி முடித்த அம்மணியம்மன் கோபுரம் அது. சொன்னபடியே, கொட்டுகிற மழையிலும் வடஒத்தவாடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே போனாள். பாழாய்ப்போன மனசு மட்டும் கிழக்கு வாசலிலேயே நின்றது.

இங்கே செழியன் சாமந்திச் சரம் வாங்குவதும் அது வாடுவதுமாக நாள் போனது. சாரத்தில் ஏறும் காசி அண்ணன்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"தம்பி, அது கோணல்னு எனக்கும் தெரியும். நீங்க கத்துவீங்கனு சொல்லல. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நாளைக்குத் தீபம். முடிஞ்சதும் ஓசூர் வேலைக்குக் கெளம்பிடுவோம். அப்புறம் யார்கிட்ட போய் வீறாப்பு காட்டுவீங்க?"

செழியன் ஹெல்மெட்டை மாட்டினான். தூறலில் அவனே சாரம் ஏறினான். வரிசையை நேராக்கினான். இறங்கி, நனைந்த சட்டையோடு அம்மணியம்மன் கோபுரத்தடிக்கே போய் நின்றான்.

குடையோடு வந்த அறிவுமதி அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ அந்தப் பக்கம் வாங்களேன்… ப்ளீஸ்."

முகத்தைத் திருப்பியபடியே அவன் பின்னால் நடந்தாள். வல்லாள கோபுரத்து வாசல்படி வந்ததும் நின்றுவிட்டாள். ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

செழியன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எல்லாரும் கேளுங்க! கோணல்தான். தப்பு என்னோடது. இவங்க சொல்லித்தான் நேராச்சு." அவள் பக்கம் திரும்பினான். "நான் பேசினது அத விடக் கோணல். மன்னிச்சுடுங்க."

காசி அண்ணன் சுவிட்சைப் போட்டார். வரிசை வரிசையாய் வெளிச்சம்… மழைத்துளியிலெல்லாம் வெளிச்சம்!

"இது யாரு கோபுரம்?" என்றாள் அறிவுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வல்லாள மகாராஜாவோடது. நான் பல்பு கட்டினவன், அவ்ளோதான்."

"ஓசூர் போறீங்கனு உங்க ஆளுங்க பேசிக்கறாங்களே?"

"போவேன். அதுக்கு முன்னாடி ஆரணி போய் எங்கம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன். எனக்கு உங்கள அவ்ளோ புடிச்சிருக்கு, மதி… சாமி மாதிரி வெளியவே நிக்காதீங்க. உள்ள வாங்க."

அவள் குடையை மடக்கினாள். அவன் கையிலிருந்த சாமந்திச் சரத்தை வாங்கிக்கொண்டாள்.

"சாமியே வந்துச்சாம்… நான் வர மாட்டனா? எனக்கும்தான் புடிச்சிருக்கு" என்று சொல்லி, வலது காலை எடுத்து வாசல்படி தாண்டி வைத்தாள்.